நங்கியின் கையும் என் கண்ணும்

போன வருடம் மழைக்காலத்தில் நடந்தது இது. தெஹியோவிட்ட பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள் நான். நாங்கள் குடியிருக்கிற லயங்கள் ஆற்றுக்கு ஒரு பக்கம். பஸ் ரோடும் பள்ளிக்கூடமும் கடைகளும் மறுபக்கம். நடுவில் இருந்த தொங்குபாலத்தை முந்தின வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. புதுப் பாலம் வரும் வரும் என்றார்கள். வந்தது ஒரு பழைய போட்டும், அதன் பின்னால் மாட்டுகிற ஒரு சின்ன எஞ்சினும்தான். கோயில் கமிட்டி அதை என் வீட்டுக்காரர் பொறுப்பில் விட்டது. அன்றோடு என் நிம்மதி போனது.

அந்த எஞ்சின் ஒரு நாள் ஓடினால் மறுநாள் படுத்துக்கொள்ளும். முதலில் பார்த்த மெக்கானிக் நல்ல கார்புரேட்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு எவனுடையதோ பழசைப் பூட்டி அனுப்பினார். அடுத்தவர் என்ன செய்தார் என்பதே எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது. அதற்குள் வீட்டுக்காரர் உஷாராகிவிட்டார். தீபாவளிக்கு என்று நான் ஆசையாக வாங்கி வைத்திருந்த சிவப்புக் கியூடெக்ஸை எடுத்து, எஞ்சினுக்குள் இருந்த சாமான்களுக்கெல்லாம் பொட்டு வைத்தார். எதையாவது மாற்றினால் தெரிந்துவிடுமாம். என் நகத்துக்கு அதில் ஒரு சொட்டும் மிஞ்சவில்லை.

யாரோ சொன்னார்கள் என்று எஞ்சினைத் தூக்கிக்கொண்டு அவிசாவளைக்குப் போனவர், சாயங்காலம் வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார். வைத்த பொட்டெல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. புதிதாக மாற்றிய சாமான்களுக்குப் பழசை ஒரு ஷொப்பிங் பேக்கில் போட்டுக் கையிலேயே கொடுத்திருந்தார்கள்.

"பரவாயில்லையே, நல்ல மனுசனாத்தான் இருக்காரு" என்றேன்.

"மனுசன் இல்ல. ஒரு நங்கி."

நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. அவளுடைய அப்பா நடத்திய கடையாம். அவர் போன பிறகு இவளே தண்ணீர் பம்ப், புல் வெட்டுகிற மெஷின், போட் எஞ்சின் எல்லாம் பார்க்கிறாளாம். தண்ணீரைத் தள்ளுகிற காத்தாடிக்குள் ஒரு சின்னப் பித்தளைப் பின் இருக்க வேண்டும், கல்லிலோ மரத்திலோ மோதினால் அது உடைந்து எஞ்சினைக் காப்பாற்றும், முந்தின ஆள் அந்த இடத்தில் இரும்பாணியைச் சொருகி வைத்திருக்கிறான் என்று கண்டுபிடித்ததும் அவள்தானாம். சோறு தின்னும்போதும் நங்கி, படுக்கும்போதும் நங்கி. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் கைப்பக்குவத்தைப் பற்றி அந்த மனுசன் அவ்வளவு பேசியதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், பற்றிக்கொண்டு எரிந்தது.

மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. அந்த நாள்களில் எஞ்சின் அவிசாவளைக்குப் போனால் நானும் பஸ் ஏறினேன். "நீ எதுக்கு வீணா நனையிற?" என்று அவர் கேட்டார். "எனக்கும் டவுனைப் பாக்கணும்" என்றேன். டவுனில் நான் பார்த்தது அந்தக் கடையை மட்டும்தான்.

ஆள் என்னைவிட இளையவள். காற்சட்டை, கொண்டையில் ஒரு கிளிப், முழங்கை வரை எண்ணெய். அழகி என்று சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அழகாக இருந்தாலாவது மனதைத் தேற்றிக்கொள்ள ஒரு காரணம் இருந்திருக்கும். என் வீட்டுக்காரரை "அய்யே" என்று கூப்பிடுவாள். அண்ணன் என்று அர்த்தம். என்னை "அக்கே" என்பாள். நான் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து, அவள் கையிலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டேன். சாமான் வாங்கிக் கொடுக்கிற சாக்கில் அந்தக் கை இவர் கையில் படுகிறதா என்று பார்க்க வேண்டுமே. அவரோ அவள் முகத்தைப் பார்த்து ஊர்க்கதை அளந்துகொண்டிருப்பார்.

அவளும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் எஞ்சினின் பின்பக்கத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டுதான் வேலையை ஆரம்பிப்பாள். காத்தாடியைப் பிடித்திருக்கும் சின்னக் கம்பியை நிமிர்த்தி உருவி, உதட்டில் கவ்விக்கொள்வாள். கழற்றியதையெல்லாம் பேப்பரில் வரிசையாக வைப்பாள். எனக்குப் பந்தா காட்டுகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன்.

ஒரு நாள் எஞ்சின் மூடிக்குள் இரண்டு பித்தளைப் பின்களைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டினாள். ஒடிவது ஒன்றுதானே, இரண்டு எதற்கு என்று வெடுக்கென்று கேட்டேன். "எக்கக் கங்கட்ட, எக்கக் போட்டுவட்ட" என்று சிரித்தாள். ஒன்று ஆற்றுக்கு, ஒன்று போட்டுக்கு. என்ன திமிரான பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

சரஸ்வதி பூசையன்று இவர் எஞ்சினைக் கழுவி, சந்தனம் பூசி, பொட்டு வைத்து, செவ்வந்தி மாலையும் போட்டார். அதுவரை சரி. பூசை முடிந்து சாமி முன்னால் இருந்து எடுத்த முதல் தட்டைத் தனியாக மூடி வைத்து, "இது நங்கிக்கு" என்றாரே பார்க்கலாம். வீட்டில் நான் ஒருத்தி மலைபோல நிற்கிறேன். அவர் முகம் கழுவப் போன நேரம், அந்தத் தட்டில் இருந்த பெரிய வடைகளை எடுத்துவிட்டுக் கருகின வடைகளை வைத்தேன். அதற்கு நான் இன்றுவரை வருத்தப்படவில்லை.

பூசை கழிந்து கொஞ்ச நாளில் மழை பிடித்தது. மகளுக்கு ஓ.எல். பரீட்சை நடந்துகொண்டிருந்தது. கணக்குப் பேப்பர் அன்று காலையில் ஆறு கலங்கி, கரையைத் தொட்டு ஓடியது. போகாமல் இருக்கவும் முடியாது. மகளையும் லயத்துப் பிள்ளைகள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு இவர் எஞ்சினைக் கிளப்பினார். மனது கேட்காமல் நானும் ஏறிவிட்டேன்.

பாதி ஆறு தாண்டியிருப்போம். அடித்துக்கொண்டு வந்த மரம் ஒன்று அடியில் "டக்" என்று மோதியது. எஞ்சின் முன்னைவிடப் பெரிதாகக் கத்துகிறது. போட் மட்டும் முன்னால் நகரவில்லை. தண்ணீர் எங்களைக் கீழே இழுக்க ஆரம்பித்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் பழைய தொங்குபாலத்தின் இரும்பு வடம் ஆற்றுக்குள் அறுந்து கிடக்கிறது. அதில் போய்ச் சிக்கினால் போட் கவிழ்ந்துவிடும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் கத்த ஆரம்பித்தார்கள். இவர் பதறிப்போய் எஞ்சினை இன்னும் முறுக்குகிறார்.

"ஏங்க, நிப்பாட்டுங்க! காத்தாடிப் பின் ஒடைஞ்சிருச்சி!"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நங்கி சொன்னா மட்டும் கேப்பீங்க, நான் சொன்னா கேக்க மாட்டீங்களா?"

உயிர் போகிற நேரத்திலும் அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. அவர் எஞ்சினை நிறுத்தித் தூக்கிவிட்டு, துடுப்பை எடுத்துத் தண்ணீரோடு மல்லுக்கு நின்றார். துடுப்பை விட்டால் போட் வளைவுக்குப் போய்விடும். மற்ற வேலைக்கு என் கைதான் இருந்தது.

மூடியைத் திறந்தேன். பிளாஸ்டரை உரித்தேன். மகள் என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் கவிழ்ந்து படுத்து, போட்டில் கிடந்த குறட்டால் கம்பியை நிமிர்த்தி உருவினேன். வைக்க இடமில்லாமல் உதட்டில் கவ்விக்கொண்டேன். காத்தாடியின் மூக்கு மூடியைக் கழற்றினேன், பிறகு காத்தாடியை. எது முதலில், எது பிறகு என்று நான் யோசிக்கவே இல்லை. அத்தனை நாள் வயிற்றெரிச்சலோடு பார்த்த அந்தக் கை என் கண்ணுக்குள்ளேயே இருந்தது. ஒடிந்த துண்டைத் தள்ளிவிட்டுப் புதுப் பின்னைச் சொருகப் போனேன். போட் ஆடியது. அந்தப் பின் விரலிலிருந்து வழுக்கி ஆற்றில் விழுந்தது.

ஒன்று ஆற்றுக்கு.

மற்றதை என் உயிரைப் பிடிப்பது மாதிரிப் பிடித்துச் சொருகினேன். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, "இறக்குங்க" என்றேன். வளைவு கண்ணுக்குத் தெரிந்தது. அவர் கயிற்றை இழுத்தார். எஞ்சின் பிடித்தது, போட்டும் நகர்ந்தது.

கரையில் இறங்கியதும் பிள்ளைகள் காலில் நனைந்த சப்பாத்தோடு பஸ்ஸுக்கு ஓடினார்கள். இவர் போட்டைக் கட்டிவிட்டு வந்தார். "அந்தக் கம்பிய ஒதட்டுல கவ்வுனியே, அச்சு அசல் நங்கி மாதிரியே இருந்திச்சி" என்றார். ஆற்றில் தள்ளிவிடலாமா என்று தோன்றியது.

அவளுக்குப் போன் போட்டுச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் போனை என்னிடம் நீட்டினார். அவள் சிங்களத்தில் சொன்னாள்: "அக்கே, அய்யே ஒரு நாளாவது என் கையைப் பார்த்தாரா? கதைதான் பேசினார். பார்த்தது நீங்கதான். அதனாலதான் எஞ்சினை எப்பவும் உங்க பக்கம் திருப்பி வச்சேன்."

நான் எதற்காகப் பார்த்தேன் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும் போல. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த வருட பூசையில் முதல் தட்டை நானே எடுத்து வைத்தேன், பெரிய வடைகளாகப் பார்த்து. கொண்டுபோய்க் கொடுக்க இவர் சட்டையை மாட்டினார். "நீங்க இருங்க, நான் போறேன்" என்று தட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். இன்றைக்கும் அவர் போனில் "நங்கி" என்று இழுத்தால் எனக்கு எரியத்தான் செய்கிறது. ஆனால் அன்று என் பிள்ளையைக் கரை சேர்த்ததே அந்த எரிச்சல்தான் என்பதால், அதை அணைக்க நான் அவசரப்படுவதில்லை.