கட் என்றால் வெட்டினேன்

அந்த ஹோட்டலில் தரைமட்டத்துக்குக் கீழே, சலவை அறைக்குப் பக்கத்தில், தையல் அறை இருந்தது. ஜன்னல் என்று பேருக்கு ஒன்று உண்டு. கூரையை ஒட்டி இருந்ததால் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும்தான் தெரியும். பதினோரு வருடமாக அந்தக் கால்களுக்குக் கீழே உட்கார்ந்து காலை ஷிப்டில் தைத்துக்கொண்டிருந்தாள் ஊசியக்கா. துணியைக் கையால் தடவியே கிழிசலைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று சலவைக்காரர்கள் வைத்த பெயர் அது. தமிழ் தெரியாதவர்களும் அர்த்தம் புரியாமலே அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மதிய ஷிப்டுக்கு வருகிற தையல்காரர் வேறு பாஷை. மேனேஜர் அம்மா இன்னொரு பாஷை. மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது மேஜைமேல் கிடந்த நீள நோட்டும், அதில் எழுத வேண்டிய இங்கிலீஷும்தான். முடித்த வேலை, மிச்ச வேலை எல்லாவற்றையும் அதில் எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டும். தையல் ஊசியக்காவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நோட்டைத் திறந்தால்தான் பேனா நகராது.

ஒருநாள் ஆறு கோட்டுக்குப் பட்டன் தைத்துவிட்டு, 'ஸ்டிச் பட்டன்ஸ், சிக்ஸ் கோட்ஸ்' என்று எழுதிவிட்டுப் போனாள். தைத்தாயிற்று என்று சொல்வதாக அவள் நினைப்பு. தைத்துவை என்று உத்தரவு போட்டிருப்பதாக மதியத்துக்காரர் நினைத்தார். பாவம், ஏற்கனவே இறுகியிருந்த பட்டன்களின் மேலேயே மறுபடியும் தைத்துவைத்தார். பரிமாறுகிறவர்கள் மறுநாள் கோட்டை மாட்ட முடியாமல் பட்டனோடு மல்லுக்கட்டினார்கள்.

அந்த மாதக் கடைசியில் தையல் அறையின் தலைமைப் பெண்மணி வேலையிலிருந்து நிற்கப் போகிறார். நோட்டைத் தெளிவாக எழுதுகிறவருக்குத்தான் அந்த இடம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஊசியக்காவுக்குப் பதவி ஆசை கிடையாது. தலைமைக்கு ஞாயிறு விடுமுறை, அதுதான் சங்கதி. அவளுக்கு விடுமுறை செவ்வாய். பள்ளிக்கூட வேன் ஓட்டும் புருஷனுக்கு ஞாயிறு. கல்யாணமான மறுவருடம் வேலைக்குச் சேர்ந்தவள், அன்றிலிருந்து பகல் சாப்பாட்டை அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை.

புருஷனே வாத்தியாரானார். வேனில் பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேட்டுக் கேட்டு வந்த இங்கிலீஷ். ஞானத்தைவிட தைரியம் அதிகம்.

"முடிஞ்ச வேலையா? வார்த்தை வாலுல ஒரு இ, ஒரு டி, 'இடி' போடு. ஸ்டிச்சுனா ஸ்டிச்டு, வாஷ்னா வாஷ்டு."

"கோவுக்கு கோவ்டா?"

"அது மட்டும் வென்ட்டு. ஈட்டுக்கு ஏட்டு. சிலது அப்படித்தான், சொன்ன பேச்சு கேக்காது."

அவள் அலட்டிக்கொள்ளவில்லை. தமிழில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? 'பாடு' பாடினாள் என்று அடக்கமாக நடக்கிறது, 'நில்' நின்றாள் என்று ஆளே மாறிவிடுகிறது. இரண்டு வாரத்தில் இடி போடுவது கைவந்துவிட்டது. தைத்ததும் துவைத்ததும் தேய்த்ததும் நோட்டில் டு டு என்று வரிசைகட்டி நின்றன.

அப்போதுதான் சாப்பாட்டுக்கூடத்துக்குப் புதுத் திரைச்சீலைகள் வந்தன. பன்னிரண்டு, ஒவ்வொன்றிலும் ஒன்பது அங்குலம் வெட்ட வேண்டும். காலையிலேயே பன்னிரண்டையும் அளந்து வெட்டினாள், அடி மடித்துத் தைப்பதை மதியத்துக்கு விட்டாள். நோட்டில் என்ன எழுதுவது என்பதை முந்தின நாளே வீட்டில் கேட்டு வைத்திருந்தாள்.

"கட்டுக்கு கட்டடா?"

"கட்டடம் ஆயிடும். அது கல்லு மாதிரி, மாறாது. நேத்தும் கட், இன்னைக்கும் கட்."

'கட் தி கர்டன்ஸ், நைன் இஞ்சஸ்' என்று பிழையில்லாமல் எழுதிவிட்டு, மனம் நிறைந்து வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் திரைச்சீலைகள் ஜன்னலின் அடியை எட்டாமல் ஒரு சாண் மேலேயே தொங்கின. கீழே தையல் அறையில் மேனேஜர் அம்மா நின்றுகொண்டிருந்தார். வரவழைக்கப்பட்ட மதியத்துக்காரர் கையில் அளவு டேப்போடு, முகத்தில் ஈயாடாமல் நின்றார். ஒன்பது வெட்டச் சொன்னால் பதினெட்டு வெட்டியிருக்கிறாரே, அளக்கக்கூடத் தெரியாத ஆளா என்பதுதான் மேனேஜரின் கேள்வி. அவர் ஒன்பது விரலை நீட்டி, நைன், நைன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சேர்ந்து நாலே மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஊசியக்காவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. தான் ஒன்பது, அவர் ஒன்பது. முதல் ஒன்பதைப் பற்றி அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அவள் அந்த நீட்டிய விரல்களைப் பார்த்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"ஐ கட்," என்றாள்.

இப்போது வெட்டப் போகிறாயா என்று மேனேஜர் கேட்டார். அந்தக் கல்லு வார்த்தை மறுபடியும் காலை வாரிவிட்டது.

"எஸ்டர்டே. ஐ கட். ஃபர்ஸ்ட்."

கழிவுக்கூடையைக் கவிழ்த்தாள். ஒன்பது அங்குலத் துண்டுகள் இருபத்துநாலு இருந்தன. மேனேஜர் எண்ணிப் பார்த்துவிட்டுப் படியேறிப் போய்விட்டார். மதியத்துக்காரர் விரல்களை மெல்ல மடக்கிக்கொண்டார்.

அன்று இரண்டு பேரும் முதல்முறையாகச் சேர்ந்து வேலை செய்தார்கள். துண்டுகளில் பன்னிரண்டை எடுத்துத் திரைகளின் அடியில் ஒட்டுப்போட்டு, ஒட்டு தெரியாமல் அடர்நிறப் பட்டி வைத்துத் தைத்தார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். 'வெட்டினேன்' என்றால் அந்த வாலிலேயே நான் இருக்கிறேன். இங்கிலீஷில் வால் கிடையாது. நான்தான் முன்னால் போய் நிற்க வேண்டும். நோட்டையும் அலமாரியில் கிடந்த பழைய நோட்டுகளையும் பின்பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள். பதினோரு வருடத்தில் ஒரு வரியிலும் 'ஐ' இல்லை. அத்தனை வேலையும் தானாகவே நடந்துபோன மாதிரி இருந்தது.

ஒரு தாளில் பெரிதாக 'ஐ' எழுதி நோட்டின் அட்டையில் ஒட்டினாள். செய்து முடித்த எதுவானாலும் அதில்தான் தொடங்க வேண்டும் என்று மதியத்துக்காரருக்குச் சைகையில் சொன்னாள். மாதக் கடைசி வரை அந்த அறையில் ஒரு வேலைகூட இரண்டு தடவை நடக்கவில்லை. மேனேஜர் நோட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, அட்டையைத் திருப்பி அந்த 'ஐ'யையும் பார்த்தார். மறுநாள் விடுமுறைப் பட்டியலில் ஊசியக்காவின் பெயர் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியிருந்தது.

புது வாரத் திங்கட்கிழமை, மதியத்துக்காரர் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டார். ஞாயிறு என்ன செய்தாய் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வெயில் உள்ளே விழுகிற அடுக்களையில் புருஷனும் அவளும் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர் மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டார், கதவடி வெயில் நகரும் வரை பேசிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

"வீ ஏட்," என்றாள்.

எட்டு அங்குலமா என்று அவர் டேப்பை இழுத்தார். இன்னொரு கை கத்தரிக்கோலைத் தேடியது. ஊசியக்கா கத்தரிக்கோலைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, நோட்டைத் திறந்து தமிழிலேயே எழுதி, கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினாள்: சாப்பிட்டோம்.