சித்தியும் தாண்டிப்போன சோதனைகளும்

என் சித்திக்குத் துணி துவைக்கவே பிடிக்காது. ஆனால் வாஷிங் மெஷினைச் சீண்டிப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறாள். மெஷினுக்குள் ஓடும் மென்பொருள் ஒழுங்காக நடந்துகொள்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சுற்றச் சொல்வாள். ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லாப் பொத்தானையும் சேர்த்து அமுக்குவாள். இதையே நான் செய்தால் வால்தனம், அவள் செய்தால் டெஸ்டிங். இந்த அநியாயத்தை அம்மாவிடம் பலமுறை முறையிட்டிருக்கிறேன். "அவ உன்ன மாதிரி இருந்துதான் இப்படி ஆனா" என்பதோடு அம்மா முடித்துவிடுவாள்.

சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். புதுக் குடை வாங்கினால் அதோடு வரும் காகிதத்தைக்கூட வாசிப்பாள். கடையில் "தள்ளவும்" என்று எழுதிய கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தள்ளுவாள். அவளோடு வெளியே போனால் வீடு திரும்பத் தாமதம் ஆகும். ஆனால் சலிக்காது.

மெஷினுக்கான சோதனைகள் ஆபீசில் தானாக ஓடும். பாஸானது பச்சை, ஃபெயிலானது சிவப்பு. நடுவில் சில மஞ்சளாக நிற்கும். அவை ஓடவே இல்லை, தாண்டிப் போய்விட்டன என்று அர்த்தம். ஊரே சிவப்பைப் பார்த்துப் பதறும். சித்திக்கு மஞ்சள் மேல்தான் கண்.

"ஃபெயிலானவன் உண்மையச் சொல்லிட்டான், வாலு. வராதவன் ஏன் வரலன்னு யாருக்குத் தெரியும்?" என்பாள். வாலு என்பது நான்தான்.

அந்த மஞ்சளையெல்லாம் காரணம் பார்த்து மூன்று கட்டாகப் பிரிப்பாள். முதல் கட்டு, மெஷினில் அந்த வசதியே இல்லாதது. துணியை உலர்த்தத் தெரியாத மெஷினிடம் போய் உலர்த்தல் சோதனை நடத்த முடியாதே. இரண்டாவது, வசதி இருந்தும் சோதிக்கிற கருவி ஆபீசில் இல்லாதது. மூன்றாவது, யாரோ ஒருவர் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஓரங்கட்டி வைத்தது.

"நான் ஸ்கூலுக்குப் போகாத நாளெல்லாம் எந்தக் கட்டு சித்தி?"

"வயித்துவலின்னு சொல்லி நீ முதல் கட்டுல சேர்ப்ப. எல்லாமே மூணாவதுதான்டி."

இந்த வேலைக்கு ஒரு கண்டம் இருந்தது. போன முறை புது மென்பொருள் வெளியாக இருந்த நாளில், மெஷினுக்குள் தண்ணீரே ஏறவில்லை என்று சித்தி எல்லாவற்றையும் நிறுத்தினாள். ஆபீஸ் மொத்தமும் மண்டையைப் பிய்த்துக்கொண்டது. கடைசியில் பார்த்தால் யாரோ குழாயை மூடி வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து ஆபீசில் அவள் பெயர் "குழாய்". இன்னொரு தடவை வீணாக நிறுத்தினால் வாடிக்கையாளர்களிடம் போன் பேசுகிற பிரிவுக்கு மாற்றிவிடுவதாக டீம் லீடர் சொல்லிவிட்டார். சித்திக்குப் போன் பேசுவதும் பல்லைப் பிடுங்குவதும் ஒன்று. மணி அடித்து ஓயும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ன விஷயம்?" என்று மெசேஜ் அனுப்புகிற ஆள். அவளை அங்கே உட்கார வைத்தால் ஒரே வாரத்தில் காய்ந்துபோவாள். எனக்கு அது வேண்டாம். அவளிடம் இதைச் சொன்னதில்லை, சொன்னால் கெத்து போய்விடும்.

டீம் லீடருக்கு நான் வைத்த பெயர் "வெந்நீர்". எப்போதும் காலில் அதைக் கொட்டிக்கொண்டவர் மாதிரியே பேசுவார்.

அந்தச் சனிக்கிழமை சித்தி வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். புது மாடல் மெஷின் திங்கட்கிழமை கடைகளுக்குப் போகவேண்டும். பழகிப் பார்க்கச் சொல்லி ஆபீஸ் கொடுத்த அதே மாடல் ஒன்று எங்கள் குளியலறையில், முன்பு பழைய மாடல் இருந்த இடத்தில், இருந்தது. முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு. முதல் கட்டைச் சும்மா ஒருமுறை புரட்டிக்கொண்டிருந்தவள் ஒரு வரியில் நின்றுவிட்டாள். சோதனை இதுதான்: உள்ளே தண்ணீர் நிற்கும்போது கரண்ட் போய் வந்தால், கதவு பூட்டியே இருக்கவேண்டும். தாண்டியதற்குக் காரணம்: இந்த மெஷினில் தண்ணீர் மட்டம் பார்க்கும் சென்சார் இல்லை.

"வாலு, நேத்து குழாயில தண்ணி நூல் மாதிரி வந்துச்சே, மெஷின் என்ன பண்ணுச்சு?"

"நிறையற வரைக்கும் பேசாம காத்துக்கிட்டிருந்துச்சு. அம்மாதான் காத்திருக்க முடியாம அதத் திட்டினாங்க."

"பழைய மெஷின்னா?"

"அது கொஞ்ச நேரம் பார்க்கும். அப்புறம் தண்ணி இருந்தா என்ன, இல்லாட்டி என்னன்னு சுத்த ஆரம்பிச்சுடும்."

"அப்ப நிறைஞ்சுடுச்சுன்னு இதுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

கேட்கும்போதே சித்தியின் கண் மின்னியது. சென்சார் இருக்கிறது! இல்லை என்று எழுதியிருப்பதால் அந்தச் சோதனை ஓடாமலே இருக்கிறது.

அப்போது போன் அடித்தது. சித்தி வழக்கம்போல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்ன குழாய் மேடம், மஞ்சள் முடிஞ்சுதா? சாயங்காலம் அனுப்பிடலாமா?" வெந்நீர்தான்.

"சார், ஒண்ணே ஒண்ணு..."

"போன தடவையும் ஒண்ணே ஒண்ணுதான்!"

அவர் போனை வைத்துவிட்டார். சித்தி மேசையை விட்டு எழுந்து, குளியலறைக்குப் போய், இரண்டு துண்டுகளைப் போட்டு மெஷினை ஓடவிட்டாள். கண்ணாடியில் பாதிவரை தண்ணீர் ஏறியது.

"பிளக்கப் பிடுங்கு."

வாழ்நாளில் முதன்முறையாகப் பெரியவர்கள் அனுமதியோடு பிடுங்கினேன். அவள் சொன்னதும் திரும்பச் செருகினேன். மெஷின் விழித்துக்கொண்டது. உள்ளே "டக்" என்று ஒரு சத்தம். சித்தி கதவை லேசாக இழுத்தாள்.

குளியலறை, நடை, ஹால் என்று தண்ணீர் வீடு பார்க்கக் கிளம்பியது. அம்மாவின் செருப்பு மிதந்தது.

"ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டக் கப்பலாக்கிட்டீங்களாடி!" என்று அம்மா அலறினாள்.

சித்தி முழங்கால்வரை நனைந்து நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். "குழாய் தெறந்துதான இருக்கு?"

"நல்லாவே தெறந்திருக்கு சித்தி."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அந்தக் காரணத்தை எழுதியது யார் என்று கணினியில் தேடினாள். தேடியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எழுதியது அவளேதான். பழைய மாடலுக்காக எழுதியது. பிறகு புது மாடல் வந்தது, சென்சார் வந்தது. அந்த வரிக்கு மட்டும் யாரும் சேதி சொல்லவில்லை.

"பொய் எழுதல வாலு. எழுதினப்போ நெசம்தான்."

"மூணாவது கட்டுல போட்டுடு சித்தி. யாரோ தள்ளி வெச்சாங்கன்னு நினைச்சுக்குவாங்க."

நல்ல யோசனை என்றே இப்போதும் நினைக்கிறேன். சித்தி என்னை முறைத்துவிட்டுப் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். தானாக ஒருவருக்குப் போன் செய்வதை அன்றுதான் பார்த்தேன்.

"சார், நிறுத்துங்க. கரண்ட் போய் வந்தா கதவு தெறந்துக்குது. அந்தச் சோதனையத் தாண்ட வெச்சது நான்தான்."

நான் நகத்தைக் கடித்தேன்.

"தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?"

"ஹால் வரைக்கும் சார்."

"குழாய்?"

"தெறந்துதான் இருந்துச்சு."

அவர் பெருமூச்சு விட்டது ஸ்பீக்கரில் புயல்போல் கேட்டது. "திங்கட்கிழமை போகாது. மேல நான் சொல்லிக்கிறேன். முதல் கட்டுல மத்தது?"

"எல்லாமே பழைய மெஷினுக்கு எழுதினது சார். ஒவ்வொண்ணாப் பார்க்கணும்."

"பாருங்க."

சித்தி போனை வாயருகே கொண்டுபோனாள். "அப்ப... அந்தப் போன் பிரிவு?"

"அத அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வெந்நீர் வைத்துவிட்டார்.

நானும் சித்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"மூணாவது கட்டு!" என்றேன். சித்தி சிரித்த சிரிப்பில் அம்மாவுக்கு இன்னும் கோபம் வந்தது.

யாரும் சொல்லாமலே நான் துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தாள். சித்தி அதற்குள் ஈரப் பாவாடையோடு அடுத்த மஞ்சளைத் திறந்துவிட்டாள்.

"வாலு, இந்த மெஷின்ல குழந்தைங்க பொத்தான அமுக்காம இருக்கற பூட்டு இல்லன்னு போட்டிருக்கு. உண்மையா?"

"தெரியாது" என்றேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பார்க்கப் போனேன்.