புடவை மறைவில் போட்ட ஊசி

எனக்கு ஒழுங்காக எழுத வராது. அஞ்சாவதோடு நின்ற படிப்பு. எழுத உட்கார்ந்தால் பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வருஷம் வீட்டுத் தறிக்குழியில் தவறி விழுந்தேன். அடிபட்டு மண்ணீரல் கிழிந்துவிட்டது என்று ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். அது இல்லாதவர்களுக்கு ஒரு மாதிரி மூளைக்காய்ச்சல் கிருமி தொற்றினால் ஒரே நாளில் ஆளை முடித்துவிடுமாம். மெனிங்கோ என்று ஆரம்பிக்கும் அதன் பெயர். தடுப்பூசி கட்டாயம் என்றார் டாக்டர். எங்கள் பக்கத்தில் அது குழந்தைகள் ஆஸ்பத்திரியில்தான் இருந்தது.

முதல் தடவை போனபோது தோளுக்குக் கீழே போடவேண்டும் என்றார்கள். என் ஜாக்கெட் கை முழங்கை வரை இறுக்கித் தைத்தது, மேலே ஏறவில்லை. கழற்றச் சொன்னதும் எழுந்து வந்துவிட்டேன்.

"உனக்கு ஏதாச்சும் ஆயிட்டா, அந்த ஜாக்கெட்ட வெச்சிக்கினு நாங்க இன்னாமா பண்றது?" என்று மகள் அழுதாள். தன்னுடைய ஜாக்கெட்டைக் கொடுத்தாள். அதற்குக் கையே இல்லை. அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பதற்குக் காய்ச்சலே மேல் என்று தோன்றியது.

மறுபடி என் ஜாக்கெட்டிலேயே போனபோது மகளோடு வீட்டுக்காரரும் வந்தார். தறியிலிருந்து அறுத்த புதுப் பட்டுப் புடவையைக் கடையில் கொடுக்கக் கையோடு எடுத்து வந்திருந்தார். நர்ஸம்மா பொடி மருந்தைத் தண்ணீரில் கலந்துவிட்டார். கலந்த மருந்து வீணாகிவிடும், இனி ஓட முடியாது. வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண், "அழாத ஆயா, எறும்பு கடிச்சா மாதிரிதான்" என்றாள்.

குழந்தைகளுக்கு எதற்கு மறைப்பு? அங்கே ஒரு திரைகூட இல்லை. வீட்டுக்காரர் புடவையைப் பிரித்தார். தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டுகிற மாதிரி அவர் ஒரு முனை, மகள் ஒரு முனை பிடித்து இழுத்து நின்றார்கள். நான் அதன் பின்னால் ஜாக்கெட்டின் ஒரு கையை மட்டும் கழற்றினேன்.

வெளியே, பிள்ளையோடு வந்திருந்த ஒரு அம்மாவின் பேச்சுக் கேட்டது.

"கலர் நல்லா இருக்குதே. கையால நெய்ஞ்சதா?"

"நம்ம வூட்டுத் தறிமா," என்றார் இவர்.

"பின்பக்கம் எப்படி இருக்குது?"

பின்பக்கம் பார்க்காமல் எங்கள் ஊரில் யாரும் பட்டு எடுப்பதில்லை. அவரும் யோசிக்கவில்லை. "தாராளமா பாருமா" என்று புடவையை மேலே தூக்கித் திருப்பிவிட்டார்.

பிள்ளைகளோடு வந்திருந்த தாய்மார் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஐயோ, இன்னாங்க!" என்று கத்தினேன்.

"ஒரு இழை வுட்டுப் போச்சா பாருமா," என்று அவர் அந்த அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சிது ஆயா," என்றார் நர்ஸம்மா. ஊசி எப்போது இறங்கியது என்றே தெரியவில்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மிட்டாயை எனக்கும் கொடுத்தார்கள்.

இன்னொரு ஊசியும் உண்டு, இரண்டு மாசம் கழித்து என்று சொன்ன ஞாபகம். அந்தக் கூச்சத்தில் சரியாகக் காதில் விழவில்லை. வீட்டுக்காரரைக் கேட்டால், அந்த அம்மா பின்பக்கத்தைப் புகழ்ந்ததைத்தான் சொல்கிறார். விவரம் தெரிந்தவர்கள் யாராவது டாக்டரிடம் கேட்டு, நான் எழுதியது சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். அதற்குள் தொளதொளவென்று ஒரு ஜாக்கெட் தைத்துக்கொள்கிறேன்.