மூன்று டைனோசர் படங்களும் ஒரு தொழிற்சாலை வேனும்

மூன்று பாகங்களில் முதலாவதுதான் படம். அதைப் பார்த்தவர்களை மறுபடியும் வரவழைப்பதற்காக இரண்டாவதை எடுத்தார்கள். மூன்றாவதை எதற்காக எடுத்தோம் என்று எடுத்தவர்களுக்கே தெரிந்திருக்காது. இதை நான் பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன். என் மனைவியின் தம்பி ஒத்துக்கொண்டதில்லை. இனிமேல் ஒத்துக்கொள்வான் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை.

என் கட்சிக்கு ஆதாரம் இருக்கிறது. முதல் படத்தில் முழு உடம்பும் தெரிய வரும் டைனோசர்கள் மூன்று. இரண்டாவதில் பதினொன்று. மூன்றாவதில் இருபத்திரண்டு. எண்ணிக்கை ஏற ஏற பயம் இறங்கிக்கொண்டே போனது. முதல் படத்தில் நான்கு பேர் சாகிறார்கள். நான்கு முகமும் இன்றும் நினைவிருக்கிறது. இரண்டாவதில் பதினேழு பேர். ஒரு முகம்கூட நினைவில்லை. முப்பது வருடம் ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன் நான். காலையில் பெரட்டில் வரிசையாக நிற்கும் ஆட்களை எண்ணுவேன், பிறகு ரப்பர் பால் வாளிகளை எண்ணுவேன். ஓய்வு பெற்று அலோர் காஜாவில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்த பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல், கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆனால் இந்தப் படங்கள் எனக்கு மறக்காமல் இருப்பதற்குக் காரணம் டைனோசர் அல்ல. தொண்ணூறுகளில் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்த அந்தச் சில வருடங்களில்தான் மச்சினனின் கண் போய்க்கொண்டிருந்தது. அவன் வேன் ஓட்டினான். தோட்டத்து லய வீடுகளிலிருந்தும் தாமான்களிலிருந்தும் பதினான்கு பெண்களை ஏற்றி மலாக்கா பக்கத்திலிருந்த ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் விடுவான். மாலையில் திரும்ப அழைத்து வருவான். அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தி என் மகள்.

முதல் படத்தை நாங்கள் மலாக்கா நகரத்துக் கொட்டகையில் பார்த்தோம். தொழிற்சாலை விடுமுறையாக இருந்த ஒரு நாளில் பெண்கள் எல்லாரும் சேர்ந்து வேனைக் கேட்டார்கள். என்னையும் என் மனைவியையும் அவனே வற்புறுத்தி ஏற்றிக்கொண்டான். படம் ஆங்கிலம். அடியில் மலாய் எழுத்து ஓடும். என் மனைவிக்கும் வயதான இரண்டு மூன்று பெண்களுக்கும் அந்த வேகத்தில் படிக்க வராது. தோட்டத்தில் திரை கட்டிப் படம் காட்டிய காலத்திலிருந்தே எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புரிந்த ஒருவர் புரியாதவர்களுக்குப் படம் ஓட ஓடக் கதை சொல்லிக்கொண்டே வருவார். எங்கள் கூட்டத்தில் அந்த வேலை மச்சினனுடையது. மலாய் எழுத்தைப் படித்து, தமிழாக்கி, தன் சரக்கையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வான்.

அந்தப் படம் ஒரு சுரங்கத்தில் நடக்கிறது. வெகுநேரம் மிருகமே வராது. தொழிலாளிகளின் தொப்பி விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும். பிறகு ஒரு கால் மட்டும் தெரியும்.

"கால் மட்டுந்தான்கா காட்டுறான், கஞ்சப்பய. முழுசா காட்டுனா டிக்கெட்டு வெல ஏறிரும்னு நெனைக்கிறான்" என்றான் அவன் என் மனைவியிடம்.

முன் வரிசைச் சீனர் ஒருவர் திரும்பிப் பார்த்து முறைத்தார். இவன் அவருக்கும் மலாயில் ஒரு விளக்கம் சொன்னான். அவர் சிரித்துவிட்டார். அன்றைக்கு ஒரு வரி விடாமல் படித்தான். எழுத்து மறையும் முன் சொல்லி முடித்துவிடுவான். அவனுக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

இரண்டாவது பாகம் எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வரவில்லை. வந்திருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். அலோர் காஜாவில் ஒரு வீடியோ கடையில் கேசட் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மச்சினன் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான். அவன் மனைவி இறந்து போனதிலிருந்து அப்படி. சாப்பிட்டு முடித்ததும் படத்தைப் போட்டோம். அவன் நாற்காலியைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில், "என்னா மாமா, படத்தப் பொகைக்குள்ள எடுத்துருக்கான்?" என்றான்.

எனக்கும் படம் மங்கலாகத்தான் தெரிந்தது. நகலுக்கு நகல் எடுத்த கேசட் அப்படித்தான் இருக்கும். எனவே கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் வேறு கேசட் கொடுத்தார். அதையும் இவன் மங்கல் என்றான். மறுபடி போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்தவுடனேயே, "ஐயா, வீட்ல டிவியத் தொடச்சிப் பாத்தீங்களா?" என்று கேட்டார். நான் வீட்டுக்கு வந்து உண்மையிலேயே துடைத்தேன்.

அந்தப் படத்தில் அவன் எழுத்தைப் படிக்கவில்லை. என் மனைவி, "என்னாடா சொல்றாங்க?" என்று கேட்டதற்கு, "கத பச்சப்புள்ளைக்கும் புரியுதுலா. எழுத்து எதுக்குக்கா? அணைக்கட்டு ஒடையப் போவுது, எல்லாம் ஓடுங்கன்றான், அவ்வளவுதான்" என்றான். அவன் சொன்னது சரியாகவே இருந்தது. ஆங்கிலம் அவனுக்குக் கொஞ்சம் காதில் ஏறும்.

படம் முடிந்ததும் இதுதான் முதல் படத்தைவிட நல்ல படம் என்றான். எனக்குத் தாங்கவில்லை. பதினொரு மிருகம், பதினேழு சாவு, ஒன்றிலும் உயிரில்லை என்றேன்.

"எண்ணிக்கிட்டே இருந்தா எப்ப மாமா படம் பாப்பீங்க? இதுல எப்புடிக் கத்துதுங்க பாத்தீங்களா? மொதப் படத்துல பாதி நேரம் சத்தமே இல்ல. தூக்கம் வந்துருச்சி."

முதல் படத்தில் அவன் ஒரு நொடியும் தூங்கவில்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் அது என் ரசனைக்கும் அவன் ரசனைக்கும் உள்ள தகராறு என்றுதான் நினைத்தேன். அதிகம் படிக்காதவன் சத்தத்துக்கு மயங்குகிறான் என்றுகூட நினைத்தேன்.

மூன்றாவது கேசட் வந்தபோது வேன் பெண்களில் ஐந்து பேர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வழக்கம்போல அவன்தான் கதை சொன்னான். இந்த முறை கதை ஒரு துறைமுகத்தில் நடக்கிறது. கப்பலில் முட்டைகள் வந்து இறங்குகின்றன. இருட்டில் ஒரு நீளமான உருவம் மெதுவாகத் திரும்பியது.

"வந்துட்டான் பாரு, நீளக் கழுத்து" என்றான் மச்சினன்.

அது சரக்கு தூக்கும் கிரேன். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் அவர்கள் சிரித்த பிறகுதான் சிரித்தான். வேடிக்கைக்குச் சொல்கிறவன் அப்படிச் சிரிக்க மாட்டான்.

படம் முடிந்ததும் எத்தனை மிருகம் என்று நானும் அவனும் போட்டி போட்டோம். நான் இருபத்திரண்டு என்றேன். அவன் முப்பது இருக்கும் என்றான். "நம்ம கிராணிக்கே கணக்குத் தப்பிருச்சி" என்று பெண்களிடம் சொன்னான். எனக்குக் கோபம். மறுநாள் அவர்கள் எல்லாரும் வேலைக்குப் போன பிறகு கேசட்டை ஆரம்பத்திலிருந்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இருபத்திரண்டேதான். அவன் மிருகம் என்று கைகாட்டிய இடங்களில் ஒன்றில் லோரி நின்றது, ஒன்றில் தண்ணீர்த் தொட்டி, இரண்டில் கிரேன். என் கணக்கு சரியாக வந்ததில் முதலில் சந்தோஷம்தான் பட்டேன். லோரியையும் தண்ணீர்த் தொட்டியையும் மறுபடி பார்த்தபோதுதான் கேசட்டை நிறுத்தினேன். அன்று காலையிலும் அவன் பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு போயிருந்தான்.

மாலையில் மகள் வந்ததும் கேட்டேன். அவள் காலணியைக் கழற்றிக்கொண்டே தலை நிமிராமல் பேசினாள்.

"எங்களுக்குத் தெரியும்பா."

"எப்பலேந்து?"

"தீபாவளிக்கு முன்னாலேந்து. முன்னுக்கு உக்காற அக்கா சொல்லிக்கிட்டே வருவாங்க. லோரி வருது, சைக்கிள் வருது, பச்ச விழுந்துருச்சின்னு. மாமாவும் மெதுவாத்தான் ஓட்டுறாரு."

"பதினாலு பேரும் சாவணும்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"கத்தாதீங்கப்பா. மாமா நிறுத்திட்டா கம்பெனி பஸ் தோட்டத்து உள்ளுக்கு வருமா? பெரிய ரோட்டோட போயிரும். அந்த இருட்டுல எந்த வீட்லயாவது பொம்பளப் புள்ளைய நடக்க விடுவாங்களா? ஆறேழு பேருக்கு வேல போயிரும். அதோட, வேன் இல்லாட்டி மாமா என்னா செய்வாரு?"

அவள் சொன்ன காரணங்களில் நான் மறுக்கக்கூடியது ஒன்றும் இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மச்சினனுக்கு இருந்த பயமும் புரிந்தது. கண் டாக்டரிடம் போனால் ஓட்டக்கூடாது என்று எழுதிவிடுவார். அதனால்தான் அவன் போகவில்லை. வேன் நின்றால், காலையில் அவன் எழுந்திருப்பதற்கு ஒரு காரணமும் இருக்காது.

அந்த வாரம் முழுவதும் காலையில் வேன் கிளம்பும் சத்தம் கேட்டதிலிருந்து, மாலையில் மகள் படலைத் திறக்கும் வரை நான் ஒரு வேலையும் செய்யவில்லை. என் மனைவியிடம் சொன்னேன். அவள், "ஞாயித்துக்கெழம வரட்டும், சாப்புட விட்டுக் கேளுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். நான் மூன்றாவது கேசட்டைப் போட்டுச் சத்தத்தை முழுவதுமாகக் குறைத்தேன்.

"சத்தம் வைங்க மாமா."

"சத்தம் எதுக்கு? எத்தன வருதுன்னு சொல்லு."

அவன் முன்னால் குனிந்தான். கைலியை இழுத்து முழங்காலுக்குள் சொருகிக்கொண்டான். வெகுநேரம் பார்த்தான்.

"ஒன்னு" என்றான். நான் படத்தை ஓட விட்டேன். "ரெண்டா?"

என் மனைவி சமையல்கட்டு வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "தம்பி, அங்க ஒன்னுமே இல்லடா. கடலுதான் தெரியுது" என்றாள்.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான்; அல்லது அவள் குரல் வந்த பக்கம் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்தான். எங்களிடம் கொடுக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு யாரு ஓட்டுவா?" என்று கேட்டான். "காலையில அந்தப் புள்ளைங்க வந்து நிக்கும். யாரு போவா? சொல்லுங்க மாமா, சும்மா பேசிட்டுப் போயிறலாம். நீங்க ஓட்டுவீங்களா?"

"ஓட்டுறேன்" என்றேன். கோபத்தில் வந்த வார்த்தை. சொன்ன பிறகு திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் அவன் சாவியை என் மடியில் வைத்துவிட்டான்.

அப்படித்தான் அறுபது தாண்டிய நான் ஐந்து மாதம் தொழிற்சாலை வேன் ஓட்டினேன். என்னிடம் இருந்தது சொந்தக் கார் ஓட்டும் லைசன்ஸ். காசு வாங்கி ஆள் ஏற்ற அது போதாது. ஒவ்வொரு போலீஸ் தடுப்பிலும் மாட்டிக்கொள்வேன் என்று பயந்தேன். வளைவு, குழி, மாடு, எதிரே வரும் செம்பனைக் குலை ஏற்றிய லோரி என்று வீடு திரும்பும்போது என் தோள்பட்டை இரும்பாகியிருக்கும். இத்தனை வருடம் ஆபீசில் உட்கார்ந்து சேர்ந்த களைப்பைவிட அந்த ஐந்து மாதக் களைப்பு பெரியது.

மச்சினன் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். வீட்டில் இருக்க முடியாது என்றான். மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் ஆப்பரேசனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அதற்காகக் காத்திருந்த வாரங்களில் பெண்கள் அவனைச் சும்மா விடவில்லை.

"அண்ணே, நாலாவது பாகம் வந்துருச்சாமே?"

"பாத்துட்டேனே" என்றான். அப்படி ஒரு படமே எடுக்கப்படவில்லை. "ஒன்னே ஒன்னுதான் வருது. அதுக்கும் வயசாயிருச்சி. ஆள விட்டுட்டு லைட்டுக் கம்பத்தக் கடிக்குது."

"எத்தன பேரு சாவுறாங்க?"

"யாரும் சாவல. எல்லாம் எங்க மாமா ஓட்டுற வேன்ல போறாங்க. இவரு போற வேகத்தப் பாத்துட்டு, இது செத்துப்போன வண்டின்னு அது மோந்து பாத்துட்டுப் போயிருது."

பின்னால் வேனே குலுங்கியது. "சிரிச்சிக் கைய கிய்ய ஆட்டாதீங்க, கண்ணாடி மறைக்குது" என்று நான் கத்தினேன். அதற்கும் சிரித்தார்கள்.

ஆப்பரேசன் நடந்தது. வலது கண்ணில் இருந்தது புரை. அது சரியானது. இடது கண்ணில் வேறு நோய். நாள் கடந்துவிட்டது என்றார் டாக்டர். முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம். ஒற்றைக் கண்ணோடு ஆள் ஏற்றும் வண்டி ஓட்ட விடமாட்டார்கள். கட்டைப் பிரித்த பிறகு வெளியே வந்து நிழலில் உட்கார்ந்ததும் அவன் சுற்றிலும் பார்த்தான். என் முகத்தைப் பார்த்து, "ரொம்ப வயசாயிருச்சி மாமா உங்களுக்கு" என்றான். அவன் என்னைச் சரியாகப் பார்த்து நான்கு வருடம் ஆகியிருக்கும்.

வேனை முன் இருக்கை அக்காவின் கணவர் வாங்கிக்கொண்டார். சுங்கை ஊடாங்கில் அவர் பார்த்த குத்தகை வேலை முடிந்திருந்தது. தோட்டத்துக்குள் போய்த்தான் ஏற்ற வேண்டும் என்று மச்சினன் அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டான். முதல் நாள் அவரோடு கூடவே போய், எந்த வீட்டுப் பெண் தாமதமாக வருவாள், எந்த இடத்தில் மழை பெய்தால் சகதி என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தான். எங்கள் வீட்டு வாசலில் மகளை ஏற்றிவிட்டு அவன் இறங்கிவிட்டான். வேன் தெருக் கோடியை நோக்கிப் போனது. நான் அவனை உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் வரவில்லை.

"பெரிய ரோட்டுல ஏறிட்டானா பாருங்க மாமா" என்றான். "இங்கேந்து எனக்குத் தெரியுது. ஆனா நீங்களும் பாருங்க."