தேயாத துத்தநாகம்

"கடலைக் காணாத பிள்ளை நீ, எனக்கு வள்ளம் படிப்பிக்கிறியோ?"

சுவிஸில் பீல் ஏரிக்கரையில் நான் வேலை செய்யும் படகுச் சாமான் கடையில், கவுண்டருக்கு முன்னால் மூன்று பேர் வரிசையில் நிற்கும்போது சூசை மாமா இப்படிக் கேட்டார். அவர் அப்பாவின் சிநேகிதர். மன்னாரில் கடற்றொழில் செய்தவர். இங்கே பேர்ணில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. இரண்டு நண்பர்களோடு பங்கு போட்டு ஒரு பழைய மீன்பிடிப் படகும் எஞ்சினும் வாங்கியிருந்தார். அவர் தமிழில் கேட்டது வரிசையில் நின்றவர்களுக்கு விளங்கியிருக்காது. ஆனால் அந்தக் குரல் எல்லோருக்கும் விளங்கியது.

என் அப்பா படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. நான் மூன்று வருடம் இந்தக் கடையிலேயே லேர என்ற தொழிற்பயிற்சி செய்து, கூடவே தொழிற்பள்ளிக்கும் போய், சோதனை எழுதிச் சான்றிதழ் எடுத்தவள். கடலைக் கண்டதில்லை என்பது உண்மைதான். ஆனால் இந்த ஏரியை எனக்குத் தெரியும்.

ஆணி சைஸ் மட்டும்

எஞ்சினின் கால் தண்ணீருக்குள் நிற்கும். அது அரிக்காமல் இருக்க, அதன்மேல் ஒரு உலோகக் கட்டியை ஆணியால் பூட்டுவோம். அதற்கு அனோட் என்று பெயர். எஞ்சினுக்குப் பதிலாக அது அரிபட்டுக் கரைய வேண்டும். கடலுக்குத் துத்தநாகம், மாமா சொல்லும் சிங்க், சரி. நன்னீரில் துத்தநாகத்தின்மேல் வெள்ளைப் படை கட்டி, வேலை நின்றுவிடும். ஏரிக்கு மக்னீசியம்தான் வேண்டும்.

எங்கள் தட்டில் மக்னீசியம் முப்பத்தெட்டு பிராங். மாமாவின் போனில், ஒன்லைன் கடையில், துத்தநாகம் பதினாலு.

"மாமா, உது உப்புத் தண்ணிச் சாமான். ஏரியிலை வேலை செய்யாது."

"மன்னாரிலை வருசக் கணக்கா சிங்க்தான் போட்டனாங்கள். முதலாளி சொல்லித் தந்ததை ஒப்புவிக்கிறாய்."

"முதலாளி சொல்லித் தரேல்லை. படிச்சது."

"ஓம், ஓம், படிச்சது! சரி, அதுக்கு ஆணி என்ன சைஸ்? அதை மட்டும் சொல்லு."

நான் சொன்னேன். எஞ்சின் மாதிரியைக் கேட்டு, அதற்குச் சரியான மக்னீசியத்தின் இலக்கத்தையும் தேடி ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் துண்டில் ஆணி சைஸை மட்டும் பார்த்து, என் முன்னாலேயே நின்று, போனில் துத்தநாகத்துக்கு ஓடர் போட்டார்.

மாமா மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். அதே கிழமை ஒரு சுவிஸ் மனிதர் உயிர்காப்பு அங்கி வாங்க வந்தார். மூன்றைப் போட்டுப் பார்த்தார். வாரையெல்லாம் அளவுக்கு இழுத்துக் கட்டச் சொன்னார். பிறகு விலைச்சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு, "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார். கடையில் எல்லாவற்றுக்கும் விலை ஒட்டியிருக்கிறது, கடைக்காரியின் மூளையைத் தவிர.

வச்ச மாதிரியே

இரண்டு கோடை கழிந்து, இலையுதிர் காலத்தில் படகுகளைக் கிரேனால் கரைக்கு ஏற்றும் நாள் வந்தது. மாமா தூரத்திலிருந்தே கூப்பிட்டார்.

"ஜெனி, இஞ்சை வந்து பார்! சிங்க் வச்ச மாதிரியே இருக்கு. கடலிலை எண்டா இதுக்குள்ளை கரைஞ்சு போயிருக்கும். உங்கடை முப்பத்தெட்டு பிராங் சாமான் இப்பிடி நிக்குமோ?"

பக்கத்தில் நின்ற அவருடைய பங்காளிகள் இருவரும் சிரித்தார்கள். நான் அனோட்டை நகத்தால் சுரண்டினேன். வெள்ளைப் படை உதிர்ந்தது. பிறகு எஞ்சின் காலில், தண்ணீரைத் தள்ளும் விசிறிக்குப் பின்னால் பார்த்தேன். பெயின்ற் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியிருந்தது. ஸ்குறூ டிரைவரால் தொட்டதும் அலுமினியம் மாவாகக் கொட்டியது. மாமா குனிந்து அந்தக் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"உப்பில்லாத தண்ணி, அதுதான் தேயேல்லை எண்டு நினைச்சன்."

"அது தேயாட்டி எஞ்சின் தேயும், மாமா. நான் சொன்னனான். நீங்கள் ஆணி சைஸ் மட்டும் கேட்டனீங்கள்."

எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன். அதற்காக இன்றைக்கும் வருத்தமில்லை. மாமா விரலைத் துடைத்துக்கொண்டு ஒரு பதில் சொன்னார்.

"சொன்னனி, பிள்ளை. ஆனா அந்த விலையைக் கேட்டாப் பிறகு, கொள்ளையடிக்கிற கடையின்ரை கதை மாதிரித்தான் இருந்தது. அதுதான் நம்பேல்லை."

அன்று வீட்டுக்குப் போய் நானே தேடினேன். அதே கொம்பனியின் அதே மக்னீசியம், அதே இலக்கம். ஒன்லைனில் இருபத்திரண்டு பிராங். அவர் எடுத்த உலோகம்தான் பிழை. எங்கள் விலையைப் பற்றி அவர் சொன்னது சரி. என் கோபம் அப்படியே இருந்தது, ஆனால் ஆள் மாறிவிட்டது.

வாங்குவது யார் வேலை

மறுநாள் இரண்டு விலையையும் ஒரு தாளில் எழுதி முதலாளியிடம் வைத்தேன். அவர் பேர்ண் ஜேர்மனில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"இது சுவிஸ் விலை. விக்கிறது உன்ரை வேலை, வாங்குறது என்ரை வேலை."

"கடை வாடகையும் என்ரை சம்பளமும் அந்த விலைக்குள்ளை இருக்கெண்டு தெரியும். ஆனா நான் உண்மையைச் சொல்ல, உங்கடை விலை என்னைப் பொய்க்காரி ஆக்குது. ஒரு எஞ்சின் போயிட்டுது."

"ஒண்டு ரெண்டா எடுத்தா இடையிலை இருக்கிற இறக்குமதிக்காரன் வைக்கிறதுதான் விலை. பெட்டியா எடுத்தா இருபத்தாறுக்குக் குடுக்கலாம். வாங்குறம் எண்டு பத்துப் பேரின்ரை கையெழுத்தைக் கொண்டு வா, பாப்பம்."

நான் அடங்கிவிடுவேன் என்று நினைத்துத்தான் சொன்னார்.

கடைகளில் இப்போது வேலை பழகும் தங்கச்சிமாருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வாடிக்கையாளர் போனை எடுத்து விலை பார்த்தால் முகம் சுளிக்காதீர்கள். அவர் பார்ப்பதும் எங்கள் தட்டில் இருப்பதும் ஒரே சாமானா என்று கேளுங்கள். அதற்கு முன் உங்கள் கடை விலையை வெளி விலையோடு நீங்களே ஒருமுறை ஒத்துப் பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமல் இரண்டு கோடை கத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டு சனிக்கிழமை கிரேன் அடியில் தாளோடு நின்றேன். தாளின் தலைப்பில் இரண்டு விலையும் இருந்தன. ஒன்லைன் இருபத்திரண்டு, நாங்கள் இருபத்தாறு. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"இன்னும் நாலு பிராங் கூடவெல்லோ?"

"அது என்ரை வாய்க்கு, மாமா. போன வருசம் நான் சொன்ன சைஸைச் சும்மா எடுத்தனீங்கள்."

"உன்ரை வாய்க்கு நாலு குறைவு," என்றார். கையெழுத்து வைத்துவிட்டுப் பங்காளிகளையும் இழுத்து வந்தார். கெட்டுப்போனதற்குப் பதிலாக வேறொரு பழைய எஞ்சின் பார்த்திருக்கிறார்களாம், அதில் பூட்ட.

பதினொரு கையெழுத்துச் சேர்ந்த திங்கட்கிழமை காலை, முதலாளி கோப்பி குடித்து முடிக்குமுன் தாளை அவர் முன்னால் வைத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு ஓடர்ப் பத்திரத்தை என் பக்கம் தள்ளினார். வாங்குபவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன்.