மாலையைக் கழட்டாத வேணு அண்ணன்

செங்கம் ரோட்டுல, ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி இளநீர் வண்டி போட்டிருக்கிறவர் வேணு அண்ணன். பக்கத்துல நான் பூ விக்கிறேன். வருஷா வருஷம் கார்த்திகையில அண்ணன் சபரிமலைக்கு மாலை போடுவார். மாலை கழுத்துல இருக்கிற வரைக்கும் ஒரு சொட்டு தொடமாட்டார். மலைக்குப் போய் வந்து கழட்டின அன்னைக்கே குடிக் கூட்டாளி மாறன் வந்து தோள்ல கை போடுவான். "வாடா, விட்டதையெல்லாம் சேர்த்து அடிக்கலாம்." அவ்வளவுதான், அடுத்த கார்த்திகை வரைக்கும் ஒயின் ஷாப்தான்.

போன ஆடியில அவர் சம்சாரம் ஆதிலட்சுமி, பொண்ணைக் கூட்டிக்கிட்டு கீழ்பென்னாத்தூர்ல இருக்கிற தாய் வீட்டுக்குப் போயிடுச்சு. அதனாலயோ என்னவோ, இந்த வருஷம் மலைக்குப் போய் வந்தும் அண்ணன் மாலையைக் கழட்டல. தை போச்சு, மாசியும் வந்துடுச்சு. கறுப்பு வேட்டியோடவே இளநீர் வெட்டிக்கிட்டு இருந்தார்.

மாலை போட்டுவிட்ட குருசாமி அப்பாதுரை ஐயா ஒரு நாள் வண்டிகிட்டயே வந்துட்டார்.

"என்ன சாமி, ஐயப்பன் உனக்குக் காவல்காரரா? யாத்திரை முடிஞ்சா மாலையை இறக்கணும்."

"இறக்கினா குடிச்சுடுவேன் சாமி."

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பூ கட்டுற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

அங்க இளநீர் குடிச்சுக்கிட்டிருந்த புகழேந்தி சார், பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். ஐயா போனதும் மெதுவா சொன்னார். "நானும் மாலை போட்டுப் பார்த்தவன்தாங்க. கழட்டின பிறகுதான் ஆள் வேணும். குடியை விட்டவங்க கொஞ்சம் பேர் செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஸ்கூல் ரூம்ல கூடுறோம். வாங்க."

"அட்வைஸ் பண்ணுவீங்களா சார்?"

"அதுக்கு அங்க யாருக்கும் யோக்கியதை இல்லீங்க."

செவ்வாய்க்கிழமை கோயில்ல மாலையை இறக்கிட்டு அண்ணன் நேரா அங்க போனார். ஒருத்தர், குழந்தை கொலுசை வித்துக் குடிச்சதைச் சொன்னாராம். யாரும் சிரிக்கலையாம், சீன்னும் சொல்லலையாம்.

மறுநாள் சாயங்காலம் மாறன் வந்து நின்னான். "கழுத்துதான் காலியாயிடுச்சே, வாடா."

அண்ணன் கத்தியைக் கீழ வச்சார். "வண்டியைப் பார்த்துக்கம்மா"ன்னு என்கிட்ட சொல்லிட்டு வேகமா நடந்தார். எந்தப் பக்கம் திரும்புறார்னு பார்க்கவே எனக்குப் பயம். ஊருக்கு மேல தெரியற மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கிட்டு நின்னேன்.

ஸ்கூலுக்குத்தான் போயிருக்கார். பிறகு அவரே சொன்னார். கேட் பூட்டியிருந்துச்சு. புகழேந்தி சாருக்குப் போன் போட்டிருக்கார்.

"இன்னைக்குக் கூட்டம் இல்லையேங்க."

"தெரியும் சார். வீட்டுல யாரும் இல்ல. வேற எங்க போறதுன்னு தெரியல."

"அங்கயே இருங்க, வந்துட்டேன்."

ரெண்டு பேரும் கேட்டுக்கு முன்னால தரையில உட்கார்ந்திருந்தாங்களாம். ஒயின் ஷாப் மூடுற நேரம் தாண்டினதும் சார் வேட்டியைத் தட்டிக்கிட்டு எழுந்து, "இப்ப வீட்டுக்குப் போங்க"ன்னாராம்.