மணிகளை வறுத்த மாலை

நேற்று புதுச் செருப்புப் பெட்டியிலிருந்து ஈரம் உறிஞ்சும் மணிப் பொட்டலம் ஒன்று விழுந்தது. எல்லாம் வெள்ளை மணிகள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்தவை நீலம். ஈரம் குடித்தால் ரோஜா நிறமாகிவிடும்.

1997 அக்டோபர் 8, புதன்கிழமை. நீலசந்திரா நிறுத்தத்தில் வழக்கமான பஸ், வழக்கமான ஜன்னல் சீட்டு. ஆய்வுக்கூடத்துக்குள் போனதும் செருப்பை ஜோடி பார்த்து வைத்தேன். (சிரிக்க வேண்டாம், இன்றும் அப்படித்தான்.) கண்ணாடித் தகட்டில் ஜெலட்டினும் ஒளி பட்டால் மாறும் டைக்ரோமேட் உப்பும் கலந்து பூசி, லேசர் ஒளியால் ஹாலோகிராம் பதிவெடுப்பது எங்கள் வேலை. விமானியின் கண்ணெதிரே நிற்கும் தகடு அது. வானத்தை மறைக்காது, கருவியின் பச்சை எழுத்துகளை மட்டும் திருப்பிக் காட்டும். லேசர் எரியும்போது யாரும் அசையக் கூடாது. நான் தும்மலுக்குப் பயந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

மறுநாள் பார்வையிட ஆட்கள் வருகிறார்கள். காட்டத் தகடு இல்லையென்றால் திட்டம் மூடப்படும்; தற்காலிக ஊழியரான சாந்தியின் வேலையும் போகும். அதுவரை எடுத்தவை எல்லாம் மங்கிவிட்டன. அன்று மதியம் சூடான ஆல்கஹாலிலிருந்து தூக்கிய தகடு மட்டும் பளிச்சென்று பச்சையாக மின்னியது.

ஈரம் புகாமல் மூடும் மேல்கண்ணாடியை ஒட்டுவதற்குள் மழை. கரண்ட் போனது. பசை விளக்கொளியில்தான் இறுகும். ஈரக்காற்று பட்டால் ஜெலட்டின் உப்பி, பதிவு அழிந்துவிடும். தகட்டை வைக்கும் டப்பாவைத் திறந்தால், மணிகள் அத்தனையும் ரோஜா நிறம்.

"சார், டீக்கடையில ஸ்டவ் இருக்கு. வறுத்தா ஈரம் போய் மறுபடி நீலமாயிடும். வாங்க" என்று சாந்தி ஓடினார்.

கடைக்காரர் சட்டியை எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், ஜவ்வரிசியா? பாயசமா?"

"ஆமாண்ணா, உங்களுக்குத்தான் மொதல் டம்ளர். இதைத் தின்னா ஆஸ்பத்திரிதான். சார், வேடிக்கை போதும், கிளறுங்க!"

ஓரத்தில் ஊதா, பிறகு நீலம். இனி அதில் யாரும் சமைக்கக் கூடாதென்று சட்டியை வாங்கிக்கொண்டோம். மணிகளை மூடி ஆறவைத்துத் திரும்பியபோது, தகட்டின் ஒரு மூலை வெளுக்கத் தொடங்கியிருந்தது. டப்பாவில் வைத்து டேப் சுற்றினோம்.

"காலை வரைக்கும் தெறக்காதீங்க சார். தெறந்தா ஈரம் உள்ள போயிடும்."

இப்போது அந்த ஆய்வுக்கூடம் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். பூச்சு, ஆல்கஹால் தொட்டி ஒன்றும் வேண்டாம். ஒளி பதியும் படலம் சுருளாகவே வருகிறது. எல்லோரும் மூச்சடக்கி நின்ற மங்கிய சிவப்பு வெளிச்ச இருட்டறை எங்குமில்லை.

மறுநாள் காலை, வருகைப் பதிவில் கையெழுத்துப் போடும் முன்பே டப்பாவைப் பிரித்தோம். கரண்ட் வந்திருந்தது. சாந்தி தகட்டை விளக்கின் கீழ் சாய்த்தார். மூலை வெளுத்துப் போயிருந்தது. நடுவெல்லாம் பச்சை.

"மூலை சட்டத்துக்குள்ள மறைஞ்சிடும்" என்றேன்.

அதற்குள் அவர் மேல்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்திருந்தார்.